போதகர் பந்தை வீசச் சொன்னார்

வெள்ளிக்கிழமை மாலை போதகர் எம்மெட் சோல்ஹைம் ஓர் ஊரையே தோற்கடித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே ஊர் அவருக்கு ஓட்டுப் போட வேண்டியிருந்தது. நடுவில் ஆண்டவர் வைத்திருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அதுவும் மழையில் போயிற்று.

ஓல்ஸ்டாட் லுத்தரன் சபையில் எம்மெட் ஒரு வருஷமாகத் தற்காலிகப் போதகர். இதற்கு முன் இருந்த ஊர்களிலும் தற்காலிகம்தான். மினசோட்டாவின் இந்த மூலையில்தான் முதல் முறையாகப் புத்தகப் பெட்டிகளைப் பிரித்து அலமாரியில் அடுக்கினார். ஒரு நாய் வாங்கினார். முப்பத்தொன்பது வயதுத் தனிக்கட்டை ஒருவன் ஜன்னல் திரைக்கு அளவெடுக்கிறான் என்றால் அந்த ஊர்மேல் அவனுக்குக் காதல் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஆனால் காதல் ஒரு பக்கம் இருந்தால் போதாது. அவரை நிரந்தரமாக்கச் சபையில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் புத்தகமெல்லாம் மறுபடி பெட்டிக்குள்.

அந்த ஓட்டுக் கூட்டத்துக்குத் தேதி குறித்தது ஆகஸ்டில். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணி மாநிலப் போட்டியின் வாசற்படி வரை போகும் என்று ஆகஸ்டில் யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். இது அமெரிக்கக் கால்பந்து, ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர்; பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் வீசுவதும்தான் அதிகம். அணியின் பயிற்சியாளர் தச்சுப் பாடம் நடத்தும் வாத்தியார். அவருக்குத் தடுக்கத் தெரியும், தாக்கத் தெரியாது. கல்லூரி நாட்கள் முழுக்க மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் உட்கார்ந்தே கால்பந்தைக் கரைத்துக் குடித்த எம்மெட், "தாக்குற ஆட்டத்தை நான் பார்த்துக்கிறேனே" என்று சம்பளமில்லாமல் போய்ச் சேர்ந்தார். மைதானத்துக்கு மேலே மரக்கூண்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அடுத்து என்ன ஆடுவது என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். உயரத்தில் நின்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்வது அவருக்குப் பழகிய வேலைதான்.

வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான ஹார்விக்குடன் ஆட்டம். ஓல்ஸ்டாட் நாலு புள்ளி பின்னால். கடைசி வாய்ப்பு. கோட்டுக்கு ஒரே ஒரு கஜம் பாக்கி. பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் போதும், வெற்றி. அணியில் கோல்பி ஹாகன் என்று ஒரு பையன், கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற ஜாதி. ஆட்டம் முழுக்க எதிரிகளை முதுகில் மூட்டையாகச் சுமந்தபடி பந்தை அதுவரை கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான். பந்தை அவன் கையில் கொடுக்க வேண்டும். பாப்கார்ன் விற்றவருக்குத் தெரிந்திருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவருக்குத் தெரிந்திருந்தது.

எம்மெட் வீசச் சொன்னார்.

கோல்பியிடம் கொடுப்பதுபோல் ஒரு பாவனை. எதிரணி மொத்தமும் அவன் மேல் பாயும். அந்தச் சந்தடியில் நோலன் என்கிற ஒல்லிப் பையன் இடது மூலைக்கு நழுவிப் போய்த் தனியாக நிற்பான். பந்து அவனுக்கு. சீசன் முழுக்க எம்மெட் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆட்டம். எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது, ஒன்றைத் தவிர. ஹார்விக்கின் நெட்டைப் பையன் ஒருவன் கோல்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக இடது மூலைக்கு ஓடினான். நோலனுக்கு முன்னால் நின்று, தபால்காரரிடம் கடிதம் வாங்குவதுபோல் பந்தை வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் கூடியது. ஓட்டுக்கு நிற்பவர் கூடத்தில் இருக்கக் கூடாது, வெளியே போக வேண்டும் என்பது விதி. வெளியே பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே சமையலறையும் வெளிதான் என்று சபைத் தலைவர் ராண்டல் ஹாகன் தீர்ப்புச் சொன்னார். ராண்டல், கோல்பியின் அப்பா. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் எம்மெட்டிடம் வாய் திறந்து பேசியதே அப்போதுதான்.

"பாஸ்டர், சமையலறை."

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே பரிமாறுகிற ஜன்னல். அதற்கு ஒரு தகர ஷட்டர். சபையின் துணைத் தலைவி ஆர்லிஸ் அதை இழுத்து இறக்கினாள். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம் அவள். அவள் இழுத்தும் ஷட்டர் முழுசாக இறங்கவில்லை, ஒரு கை அகலம் பாக்கி விட்டு நின்றது. எப்போதும் அப்படித்தான். அந்த இடைவெளியில் எம்மெட்டுக்குச் சட்டைப் பொத்தான்களும், கழுத்துப் பட்டையின் நுனிகளும், மேஜைகளும் தெரிந்தன.

கேட்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடுதான் அவர் குழாயைத் திறந்து காபிக் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தார். சீக்கிரமே வெந்நீர் தீர்ந்துபோனது. அதை ஆண்டவரின் சித்தம் என்று எடுத்துக்கொண்டு குழாயை மூடினார்.

கூடத்தில் ராண்டல் மரச் சுத்தியலைத் தட்டினார். "போதகரைப் பத்தி யாராவது பேசணுமா?"

 யாரோ எலுமிச்சைக் கேக் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் போதகரைப் பத்திப் பேசலை," என்றது ஒரு கரகரத்த குரல். வெர்லின் குரோக்ஸ்டாட். பீட்ரூட் விவசாயி, எழுபதைத் தாண்டியவர். அவர் முகம் சுளித்தால் ஊரில் காபியே திரிந்துபோகும். "நான் ஆட்டத்தைப் பத்திப் பேசுறேன்."

"இது சபைக் கூட்டம் வெர்லின்."

"சபை வேற என்னத்தைப்பா பேசுது வெள்ளிக்கிழமையிலேருந்து? என்னைப் பொறுத்தவரை, அந்த முடிவு... வித்தியாசமா இருந்துச்சு."

கூடத்தில் 'ஹா' என்று மூச்சு இழுக்கும் சத்தம். அந்த வட்டாரத்தில் 'வித்தியாசமா இருந்துச்சு' என்பதுதான் வசவின் எல்லை. அதற்கு மேல் போனால் வக்கீல் வைக்க வேண்டும்.

உடனே நல்லவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

"பாவம், அவருக்கு அன்னிக்கு ஜலதோஷம்."

"கூண்டுக் கண்ணாடியில ஆவி படிஞ்சிருந்துச்சு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"மில்வாக்கீல வளர்ந்தவரு. பெரிய ஊர்ல அப்படித்தான், எதையாவது வீசிக்கிட்டே இருப்பாங்க."

"கல்யாணமும் ஆகலை. ஒரு முடிவெடுக்குறதுன்னா வீட்ல கேக்க ஆளு வேணாமா?"

"மன்னிக்கிறதுதான் முறை. அதைத்தானே அவரே வாராவாரம் சொல்றாரு."

ஷட்டருக்குப் பின்னால் எம்மெட்டுக்கு முதலில் உடம்பெல்லாம் லேசாயிற்று. மன்னிப்பு மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் மூன்றில் இரண்டு பங்கு என்ன, முக்கால்வாசி தேறும். அவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு கோப்பையைத் துடைக்க வேண்டும். நாயைப் பற்றி நினைத்தார். ஜன்னல் திரையைப் பற்றி நினைத்தார். துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

எதற்கு மன்னிப்பு? அதுதான் அவருக்குப் புரியவில்லை. அது சரியான முடிவு!

கூடத்தில் வெர்லின் மேஜையில் ஆட்டத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். "இந்தக் கெட்சப் பாட்டில் கோல்பி. உப்பும் மிளகும் ஹார்விக்காரனுங்க. இந்தக் கேக் துண்டு நோலன்." கேக் துண்டை வலது பக்க மூலையில் வைத்தார்.

"இடது," என்று எம்மெட் கோப்பைக்குள் முணுமுணுத்தார். "மனுஷா, இடது மூலை!"

"மிளகை இன்னும் முன்னால தள்ளு," என்றார் யாரோ.

"அது மிளகு இல்ல, நடுவர்."

"நடுவர் எதுக்கு இவ்வளவு கிட்ட?"

"நோலன் எங்கே? இங்கதானே வெச்சேன்?"

நோலனை யாரோ தின்றுவிட்டார்கள்.

"சரி, அவன் இல்லாமலே பேசுவோம்," என்றார் வெர்லின். "கெட்சப் பாட்டில் இப்படிச் சாஞ்சாலே கோட்டைத் தாண்டிடும். இதுல வீசுறதுக்கு என்ன இருக்கு? ஆனாலும் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. தப்புன்னு ஒத்துக்கிட்டாருன்னா நானும் மன்னிக்கத் தயார்."

"ஒத்துக்குவாரு," என்றது ஒரு பெண் குரல், அன்பாக. "தாழ்மையான மனுஷன்."

ஷட்டர் 'தடதட'வென்று பாதி ஏறிச் சிக்கிக்கொண்டது. அதன் அடியில் தாழ்மையான மனுஷனின் தலையும் ஈரக் கையும் வெளியே வந்தன.

"ஒத்துக்க மாட்டேன்!"

கூடமே திரும்பியது. ராண்டல் சுத்தியலைத் தூக்கினார். "பாஸ்டர், நீங்க வெளியில இருக்கீங்க."

"வெளியிலதான் இருக்கேன்! இடுப்புக்குக் கீழ முழுக்க வெளியிலதான் இருக்கு!" எம்மெட் பரிமாறும் மேடைமேல் வயிற்றைக் கொடுத்து முன்னால் நகர்ந்தார். "வெர்லின், அவனுங்க எத்தனை பேரு? ஒம்பது பேரு. ஒம்பது பேரும் கோல்பியையே முறைச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. அவனுக்கு ஒண்ணுவிட்ட மாமன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். அந்த நேரத்துல அவன்கிட்டயே கொடுக்கிறதுக்கு நான் எதுக்குக் கூண்டுல? அதைச் சொல்ல ஒரு கிளி போதுமே!"

"கிளி சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்போம்!"

"நாலு பேரைச் சுமப்பான். ஒம்பது பேரைச் சுமப்பானா?"

"எங்க ஊர்ப் பையன் சுமப்பான்யா!"

கைதட்டல். மேஜையைத் தட்டினார்கள். கெட்சப் பாட்டில் விழுந்து உருண்டது. "பாருங்க, தாண்டிடுச்சு!" என்று ஒரு பின்வரிசைக்காரர் கத்தினார்.

அப்போது ராண்டல் எழுந்தார். தலைவர் நாற்காலியில் இருப்பவர் எந்தப் பக்கமும் பேசக் கூடாது. அதனால் சுத்தியலை ஆர்லிஸ் கையில் கொடுத்தார். "கொஞ்சம் பிடி. இப்ப நான் தலைவர் இல்ல." பிறகு ஜன்னல் பக்கம் வந்தார். மேடைமேல் குப்புறக் கிடந்த எம்மெட்டின் முகத்துக்கு நேராக நின்றார்.

"கோல்பி வெள்ளிக்கிழமை வந்து அழுதான் பாஸ்டர். தோத்ததுக்கு இல்ல. 'பாஸ்டர் என்னை நம்பலைப்பா'ன்னான்."

மேஜையைத் தட்டிய கைகள் மடிக்கு இறங்கின.

"நம்பலையா?" எம்மெட் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். "அந்த ஆட்டமே அவன்மேலதான் நிக்குது ராண்டல். அவன் கை வெறுங்கை, ஆனா ஒம்பது பேரும் அவன்மேல விழுவானுங்கன்னு நம்பினேன். வேற யாரை வெச்சும் அந்த ஏமாத்து நடக்காது. அவன் ஒருத்தனாலதான் முடியும்."

"இதை அவன்கிட்ட சொன்னீங்களா?"

எம்மெட் மேடைமேலிருந்து மெல்லப் பின்னால் நகர்ந்தார். கூண்டிலிருந்து இறங்கி, யார் கண்ணிலும் படாமல் பார்க்கிங் வழியாகப் போய்விட்டதை எப்படிச் சொல்வது?

ராண்டல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். சுத்தியலுக்குக் கை நீட்டினார். ஆர்லிஸ் கொடுக்கவில்லை.

"கூட்டத்துக்கு இடைவேளை," என்று ஓங்கித் தட்டினாள். "இப்ப பாஸ்டர் உள்ளே வரலாம். மேஜையை ஓரம் தள்ளுங்க. உப்பையும் மிளகையும் வெச்சுக்கிட்டு இது முடியாது. ஆடியே பார்த்துடுவோம்."

ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுகள் நாற்காலிகளில் விழுந்தன. கம்பள விரிப்பின் ஓரம்தான் கோடு. மகனுக்குப் பதில் ராண்டல். நோலனுக்குப் பதில் ஆர்கன் வாசிக்கும் கிளிஃபர்ட், கிடைத்ததில் அவர்தான் ஒல்லி. பந்துக்குப் பதில் ஒரு முழு ரொட்டி. ஹார்விக் பக்கம் வெர்லினும் கிழங்கு மூட்டை தூக்கிப் பழகிய விவசாயிகளும், அவர்களோடு ஆர்லிஸும். ரொட்டியைக் கையில் எடுத்ததும் எம்மெட்டுக்குப் பெஞ்சில் உட்கார்ந்த வருஷங்களெல்லாம் உடம்பிலிருந்து உதிர்ந்தன.

"ராண்டல், குனிஞ்சு ஓடி வாங்க. ரொட்டி உங்க வயித்துல இருக்கிற மாதிரி கட்டிப் பிடிச்சுக்கணும். கிளிஃபர்ட், நீங்க சும்மா நழுவிப் போங்க. காணிக்கைத் தட்டு வரும்போது நழுவுற மாதிரி."

சிரிப்பு. எண்ணினார்கள். கிளம்பினார்கள்.

ராண்டல் காளைபோல் குனிந்து வந்தார். எம்மெட் ரொட்டியை அவர் வயிற்றில் வைத்தார், எடுத்தார். ஹார்விக் மொத்தமும் ராண்டல்மேல் சரிந்தது. வெர்லினின் மூக்குக் கண்ணாடி பறந்தது. கிளிஃபர்ட் இடது மூலையில் கையை நீட்டிக்கொண்டு தனியாக... தனியாக இல்லை. ஆர்லிஸ் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவசரமே படாமல் எட்டி ரொட்டியைப் பிடித்தாள்.

"ஆர்லிஸ்!" எம்மெட் அலறினார். "அதே மாதிரி! அந்த நெட்டைப் பையனும் அப்படியேதான் வந்து நின்னான்! நீ ஏமாந்திருக்கணும்! ராண்டலைத் திரும்பிக்கூடப் பார்க்காம எப்படி நேரா அங்க போனே?"

"நீங்கதானே பாஸ்டர் சொன்னீங்க."

"நானா? எப்போ?"

"அறுப்பின் பண்டிகைப் பிரசங்கத்துல." ஆர்லிஸ் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவரைப் போலவே கையை விரித்தாள். "'பெருசா இருக்கிறதையே பார்க்கிறது மனுஷ சுபாவம். கோட்டுக்கு ஒரு கஜம் இருக்குன்னா எல்லாரும் கோல்பியைத்தான் பார்ப்பாங்க. ஆனா கிருபை அப்படி வராது சகோதரரே. யாரும் பார்க்காத இடது மூலையில, ஒல்லியா ஒரு நோலன் கையை நீட்டிக்கிட்டு நிப்பான். அங்கே பாருங்க.' அங்கே பார்த்தேன்."

எம்மெட்டின் முகம் காது நுனி வரை சிவந்தது. உதாரணம் கிடைக்காமல் தவித்த ஒரு சனிக்கிழமை அவருக்கு இப்போது நன்றாக நினைவு வந்தது. அந்த உதாரணம் கிடைத்ததும் நாற்காலியிலிருந்து குதித்து எழுந்ததும் நினைவு வந்தது.

"அது நம்ம கோயில்ல சொன்னது," என்றார் பலவீனமாக. "ஹார்விக்காரனுக்கு எப்படி..."

"அவங்க சபைக்குச் செப்டம்பர்லேருந்து போதகர் இல்ல. நம்ம ஆராதனை ரேடியோவுல வருதே, அந்த ரேடியோவைத்தான் அவங்க பீடத்துமேல வெச்சு மொத்தச் சபையும் உக்காந்து கேக்குது. எங்க அக்கா அங்கதானே வாக்கப்பட்டிருக்கா. 'உங்க பாஸ்டர் பிரமாதம்டி, எங்க பசங்க கண்ணை எடுக்காம கேட்டானுங்க'ன்னு போன் பண்ணினா. அந்த நெட்டையன் அவ கொழுந்தன் மகன்."

கம்பளத்தில் கிடந்தவர்கள் அப்படியே கிடந்தார்கள்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஆர்லிஸ்!"

"நீங்க சொன்னதை நீங்களே மறப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ராண்டல் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "நான் அன்னிக்கு முன்வரிசையில இருந்தேன். என் பையன் பேரைச் சொல்லியிருக்காரு. ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல."

கூடம் முழுக்கப் பார்வைகள் கூரைக்குப் போயின. அறுப்பு மும்முரமாக நடந்த சமயம், இரவெல்லாம் வயலில் இருந்துவிட்டு வந்தவர்கள். எதிரியின் ஊர் மொத்தமும் விழித்திருந்து கேட்ட பிரசங்கத்தை, சொந்தச் சபை தூங்கிக் கழித்திருந்தது.

வெர்லின் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். "ஆக, முடிவு சரி. வாய்தான் தப்பு."

"தப்புதான்," என்றார் எம்மெட். இந்த முறை அந்த வார்த்தை சிரமமில்லாமல் வந்தது. "என் தப்புதான். ஆட்டத்தை நானே ஊருக்கெல்லாம் கூவிட்டு, பசங்களைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இதுக்கு மன்னிச்சீங்கன்னா வாங்கிக்கிறேன். ஜலதோஷத்துக்கெல்லாம் வேண்டாம்."

ஆர்லிஸ் சுத்தியலை ராண்டலிடம் நீட்டினாள். ராண்டல் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"பாஸ்டர், சமையலறை."

சிக்கிய ஷட்டரை இரண்டு பேர் தொங்கி இறக்கினார்கள். இந்தத் தடவை எம்மெட் திறந்த குழாயை மூடவே இல்லை. பச்சைத் தண்ணீரில் கை விறைக்க விறைக்கக் கழுவினார். கழுவ மிச்சமிருந்தது ஒரு கரண்டி. அதைக் கழுவினார். ராண்டலின் குரல் என்னவோ கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் கேள்வி புரியவில்லை. அடுத்த நொடி மடக்கு நாற்காலிகள் மொத்தமாகத் தரையில் கிறீச்சிடும் சத்தம், ஏகப்பட்ட பேர் ஒன்றாக எழுந்து நிற்கிற சத்தம்.

எதற்கு எழுந்தார்கள்? வேண்டும் என்பவர்களா, வேண்டாம் என்பவர்களா? குழாயை மூடுவதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

எம்மெட் கையைத் துடைத்தார். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பின்கதவைத் திறக்கப் போனபோது ராண்டல் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் வெர்லின்.

"கோட்டு எதுக்கு?" என்றார் ராண்டல். "பாஸ்டர், நீங்க இருக்கீங்க. ரெண்டு பங்குக்கு மேலேயே வந்திருக்கு. எங்க கிளம்பிட்டீங்க?"

எம்மெட் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்று யாரோ சொன்னது அவ்வளவு பொய்யும் இல்லை. "கோல்பி வீட்ல இருக்கானா?"

"கொட்டகையில மாட்டுக்குத் தீனி வெச்சுக்கிட்டிருப்பான்."

"முடிவு எதுவா இருந்தாலும் அவன்கிட்ட சொல்லிடணும்னு நினைச்சேன். அந்த ஆட்டம் ஏன் அவனை வெச்சுப் போட்டேன்னு."

ராண்டல் வண்டிச் சாவியை எடுத்தார். "நடக்க வேணாம். வாங்க, ஏறுங்க."

வெர்லின் இருமினார். "நான் எந்திரிக்கலை. முழங்கால்னு யாராவது சொல்லுவாங்க. அது பொய். எதிர்த்துத்தான் உக்காந்திருந்தேன்."

"சரி வெர்லின்."

"அதுக்காக நீங்க எங்கேயும் போயிடக் கூடாது. புரியுதா?"

"புரியுது."

"நானும் வர்றேன். அந்தப் பையன்கிட்ட நீங்க என்ன சொல்றீங்கன்னு பக்கத்துல நின்னு கேக்கணும்."

பிக்கப் வண்டியின் முன் சீட்டில் மூன்று பேர். நடுவில் போதகர், முழங்கால் இரண்டும் கியருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பனிமழை கண்ணாடியில் சடசடத்தது. ராண்டல் சாவியைத் திருகுவதற்குள் வெர்லின் ஆரம்பித்துவிட்டார்.

"சரி, வீசுறதுன்னே வெச்சுக்குவோம். எதுக்கு இடது பக்கம்?"

"வெர்லின், அதைக் கேட்டீங்க பாருங்க!" என்று எம்மெட் இரண்டு கையையும் தூக்கினார். கை மறைத்ததில் ராண்டலுக்குச் சாலையே தெரியவில்லை.